118-110: கொலோவ்கினின் தோல்விகளைச் சுற்றுச் சுற்றாகப் பார்ப்பது

கஸக்ஸ்தானின் கெனாடி கொலோவ்கின் 2025 நவம்பரில் 'வோர்ல்ட் பாக்ஸிங்' அமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒலிம்பிக் குத்துச்சண்டையின் பொறுப்பு இப்போது இந்த அமைப்பின் கையில் இருக்கிறது. அவருடைய தொழில்முறைக் கணக்கு: 45 சண்டை, 42 வெற்றி, 2 தோல்வி, 1 சமன். வெற்றிகளில் 37 நாக்-அவுட். அந்த இரண்டு தோல்வியும் ஒரு சமனும் ஒரே ஆளிடம் வந்தவை: மெக்சிகோவின் சவுல் 'கனேலோ' அல்வாரெஸ்.

கொலோவ்கின் பெயர் எழும்போதெல்லாம் சிங்கப்பூர்க் காப்பிக்கடை மேசைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே வாக்குவாதம்தான். "மனுஷன் தோக்கவே இல்ல, ஜட்ஜுங்க பறிச்சிட்டாங்க" என்று ஒரு பக்கம். "யாரோட மோதி 20 தடவை பட்டத்தைக் காப்பாத்தினாரு?" என்று மறுபக்கம். இரண்டு பக்கமும் பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுச் சண்டை போடுகின்றன. மதிப்பெண் எப்படி விழுகிறது என்று தெரிந்தால் மீதிப் பாதியும் பிடிபடும்.

அடிப்படை: பத்து மதிப்பெண் முறை

மேடைக்குள் நின்று சண்டையை நடத்துபவர் நடுவர். லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் அவர் மதிப்பெண் போடுவதில்லை. அதைச் செய்பவர்கள் மேடையின் மூன்று பக்கங்களில் உட்கார்ந்திருக்கும் மூன்று ஜட்ஜுகள். அவர்கள் பின்பற்றும் விதிகள் சுருக்கமாக:

1. பட்டச் சண்டை 12 சுற்று. ஒவ்வொரு சுற்றும் 3 நிமிடம், இடையில் 1 நிமிட ஓய்வு.

2. சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. எதிராளியை ஒருமுறை வீழ்த்தியிருந்தால் வழக்கமாக 10-8. 10-10 போட விதியில் இடம் உண்டு. ஆனால் ஜட்ஜுகள் அதை அநேகமாகத் தொடுவதில்லை.

3. பார்க்க வேண்டியவை நான்கு: சுத்தமாக விழுந்த வலுவான குத்து, பலன் தந்த தாக்குதல், சண்டையின் போக்கைத் தன் கையில் வைத்திருப்பது, தற்காப்பு. முதலாவதற்கே அதிக எடை. முன்னேறிப் போய்க்கொண்டே இருந்தால் மட்டும் மதிப்பெண் வராது. முன்னேறியதால் அடி விழுந்ததா என்பதே கேள்வி.

4. ஒவ்வொரு சுற்றும் தனிக்கணக்கு. சுற்று முடிந்த ஒரு நிமிட ஓய்வுக்குள் ஜட்ஜ் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு திரும்ப வாங்கித் திருத்த முடியாது.

குழப்பம் பெரும்பாலும் இந்த நான்காவது விதியில்தான் பிறக்கிறது. பூப்பந்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் முதல் ஆட்டத்தை 21-10 என்று வென்று, அடுத்த இரண்டையும் 19-21, 19-21 என்று விடுகிறார். மொத்தப் புள்ளி அவருக்கு 59, எதிராளிக்கு 52. ஆனாலும் தோற்றவர் அவர்தான். லோ கியன் யூவின் ஆட்டங்களை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் சிங்கப்பூர் ரசிகர் யாரும் இதில் அநியாயம் நடந்ததாகச் சொல்ல மாட்டார். குத்துச்சண்டையும் அதே கதைதான். நான்கு சுற்றுகளில் எதிராளியைப் புரட்டி எடுத்து, எட்டுச் சுற்றுகளை நூலிழையில் விட்டவர் 112-116 என்று தோற்பார்.

ஆகவே ஒரு மதிப்பெண் தாளைக் கண்டால் அதைச் சுற்றுகளாக மாற்றிப் படிக்கப் பழக வேண்டும். யாரும் விழாத சண்டையில் 114-114 என்றால் ஆளுக்கு 6 சுற்று. 115-113 என்றால் 7-5. 116-112 என்றால் 8-4. 118-110 என்றால் 10-2.

முடிவுகளின் பெயர்கள்

மூன்று ஜட்ஜும் ஒருவருக்கே கொடுத்தால் ஒருமனதான முடிவு. இருவர் ஒருவருக்கும் மூன்றாமவர் மற்றவருக்கும் கொடுத்தால் பிளவு முடிவு. இருவர் ஒருவருக்குக் கொடுத்து மூன்றாமவர் சமன் என்றால் பெரும்பான்மை முடிவு. ஆளுக்கொரு தாளும் ஒரு சமனும் வந்தால் பிளவுச் சமன். பட்டம் பழைய சாம்பியனிடமே தங்கும்.

பிளவு முடிவின் கசப்பு சிங்கப்பூருக்குத் தெரியாததல்ல. நம் முகம்மது ரித்வான் 2018 செப்டம்பரில் உள்ளூர் ரசிகர்கள் முன்னிலையில் நமீபியாவின் பாவ்லஸ் அம்புண்டாவிடம் ஐபிஓ என்ற அமைப்பின் உலகப் பட்டச் சண்டையை இழந்தது அப்படித்தான்.

2017: எல்லாரும் தவறான தாளைப் பார்த்துக் கத்தினார்கள்

முதல் சண்டை 2017 செப்டம்பர் 16, லாஸ் வேகஸ் டி-மொபைல் அரங்கம். அங்கே சனிக்கிழமை இரவு, இங்கே ஞாயிறு பகல். நேர வித்தியாசம் 15 மணி. கொலோவ்கினுக்கு 35 வயது, கனேலோவுக்கு 27. மூன்று தாள்களும் இப்படி வந்தன:

1. டேவ் மொரெட்டி: 115-113, கொலோவ்கினுக்கு.
2. டான் ட்ரெல்லா: 114-114.
3. அடலெய்ட் பர்ட்: 118-110, கனேலோவுக்கு.

பிளவுச் சமன். பட்டம் கொலோவ்கினிடமே தங்கியது. வெற்றி மட்டும் கிடைக்கவில்லை.

உலகமே 118-110 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டது. காரணம் இருக்கிறது. பர்ட் கொலோவ்கினுக்குக் கொடுத்தவை 4, 7 ஆகிய இரண்டே சுற்றுகள். நடுச்சுற்றுகளில் கனேலோ திரும்பத் திரும்பக் கயிற்றில் முதுகைச் சாய்த்து நின்றார்; கொலோவ்கின் அவரை அங்கே நிறுத்தி வைத்து ஜேப்பாலேயே (முன்னால் நீட்டிய கையால் நேராக வீசும் வேகக் குத்து) சண்டையை நடத்தினார். அப்படிப்பட்ட சண்டையில் 10-2 என்ற கணக்கை எந்த விதியை வைத்தும் நியாயப்படுத்த முடியாது. குத்துச்சண்டையை ஒழுங்குபடுத்தும் நெவாடா ஆணையமும் பர்டைச் சில காலம் பெரிய சண்டைகளிலிருந்து விலக்கி வைப்பதாகச் சொன்னது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பர்ட் 118-110 போடாமல் நியாயமாக நடந்து 115-113 என்று கனேலோவுக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு தாள் கொலோவ்கினுக்கு, ஒன்று கனேலோவுக்கு, ஒன்று சமன். அதே பிளவுச் சமன்தான். தாளில் வித்தியாசம் எட்டானாலும் இரண்டானாலும் அது ஒரு வாக்கு.

முடிவைத் திருப்பிய கீறல் இருந்தது ட்ரெல்லாவின் தாளில், ஏழாவது சுற்றில். அந்தச் சுற்றை மொரெட்டி கொலோவ்கினுக்குக் கொடுத்தார். கொலோவ்கினுக்கு இரண்டே சுற்று கொடுத்த பர்ட்கூட அந்தச் சுற்றை அவருக்குத்தான் கொடுத்தார். ட்ரெல்லா மட்டும் கனேலோவுக்கு 10, கொலோவ்கினுக்கு 9 என்று எழுதினார். அந்த ஒரு எண்ணை மாற்றி எழுதிப் பாருங்கள்: ட்ரெல்லாவின் 114-114 கொலோவ்கினுக்கு 115-113 ஆகிறது. மொரெட்டியின் தாளோடு சேர்ந்து இரண்டு தாள். கொலோவ்கினுக்குப் பிளவு முடிவில் வெற்றி.

"பறித்துவிட்டார்கள்" என்று சொல்வதானால், சுட்ட வேண்டிய இடம் அதுதான். பர்டின் தாள் கண்ணை உறுத்தியது. ட்ரெல்லாவின் ஏழாம் சுற்று முடிவை எடுத்துக்கொண்டது. எங்கள் கணிப்பில் அந்தச் சண்டை கொலோவ்கினுடையது, 7-5 அல்லது 8-4. அவருடைய கணக்கில் உண்மையாகவே காணாமல் போன வெற்றி என்றால் இது ஒன்றுதான்.

இழுபறிச் சுற்று: தாள்கள் ஏன் இவ்வளவு விலகுகின்றன

யாருக்குக் கொடுத்தாலும் கை கூசாத சுற்றை இழுபறிச் சுற்று எனலாம். ஒரு பேச்சுக்கு, 12 சுற்றுச் சண்டையில் 4 சுற்று தெளிவாக ஒருவருக்கு, 3 சுற்று தெளிவாக மற்றவருக்கு, மீதி 5 இழுபறி என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு அந்த ஐந்தும் போனால் 9-3, அதாவது 117-111. ஐந்தும் எதிராளிக்குப் போனால் 4-8, அதாவது 112-116. இந்த இரண்டு எல்லைக்குள் விழும் எந்தத் தாளும் 'தவறு' ஆகாது. ரசனை வேறுபாடு, அவ்வளவுதான். எல்லைக்கு வெளியே போனால்தான் தவறு. 118-110 அப்படி வெளியே விழுந்த தாள்.

ஒரே சுற்றை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்ப்பதற்கு மேடையின் அமைப்பும் காரணம். ஜட்ஜ் உட்காரும் இடத்திலிருந்து மேடை ஏறக்குறைய மார்பு உயரத்தில் இருக்கும். கயிறுகளுக்கு நடுவே அண்ணாந்து பார்க்கிறார். ஒரு வீரரின் முதுகு அவர் பக்கம் திரும்பியிருந்தால், அந்த முதுகுக்கு அப்பால் வயிற்றில் விழும் குத்து அவருக்குத் தெரியாது. எதிர்ப்பக்க ஜட்ஜுக்குத் தெரியும். நடுவர் குறுக்கே வந்து நிற்பார். தொலைக்காட்சியில் நமக்கு நான்கைந்து கேமரா, மெதுவோட்டம் வேறு. ஜட்ஜுக்கு ஒரே ஒரு கோணம், ஒரே ஒரு தடவை.

சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கனேலோவுடனான மூன்று சண்டைகளும் செப்டம்பர் நடுவில், மெக்சிகோவின் சுதந்திர தின வார இறுதியில் நடந்தன. கனேலோவின் குத்து கையுறையில் பட்டாலும் அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அந்த ஆரவாரத்துக்கு நடுவே கொலோவ்கினின் அமைதியான ஜேப்புகளை ஒவ்வொன்றாக எண்ணுவது பயிற்சி பெற்றவருக்கும் கடினம்.

குத்து எண்ணிக்கை எப்படி ஏமாற்றும்

"218க்கு 169, அப்புறம் எப்படி சமன்?" வாக்குவாதத்தில் அடுத்து வீசப்படும் எண் இதுதான். 2017 சண்டையில் இருவரும் இறக்கிய குத்துகளுக்குக் கம்ப்யூபாக்ஸ் என்ற நிறுவனம் போட்ட கணக்கு இது. மேடையோரம் இரண்டு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு வீரரைக் கவனிப்பார்கள். நான்கு விசைகள்: ஜேப் பட்டது, ஜேப் தவறியது, வலுக்குத்து பட்டது, வலுக்குத்து தவறியது. ஜேப் அல்லாத எந்தக் குத்தும் 'வலுக்குத்து'தான், மெல்லத் தட்டினாலும் சரி. தாடையில் இறங்கிய ஹூக்கும் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) தோளை உரசிய ஹூக்கும் அந்த விசைக்கு ஒன்றே. பயனுள்ள கணக்குதான், ஆனால் இதுவும் மனிதக் கண் போட்ட கணக்கு; அதிகாரபூர்வ மதிப்பெண்ணில் இதற்கு இடமில்லை.

பிரித்துப் பார்த்தால் விவாதத்தின் வேர் தெரியும்.

2017:
1. கொலோவ்கின்: மொத்தம் 703 வீசி 218 பட்டது. அதில் ஜேப் 108, வலுக்குத்து 110.
2. கனேலோ: மொத்தம் 505 வீசி 169 பட்டது. அதில் ஜேப் 55, வலுக்குத்து 114.

2018:
1. கொலோவ்கின்: 879 வீசி 234 பட்டது. ஜேப் 118, வலுக்குத்து 116.
2. கனேலோ: 622 வீசி 202 பட்டது. ஜேப் 59, வலுக்குத்து 143.

இரண்டு சண்டையிலும் கொலோவ்கினின் முன்னிலை முழுவதும் ஜேப்பில்தான் இருக்கிறது. வலுக்குத்தில் முதல் சண்டை ஏறத்தாழ சமம்; இரண்டாவதில் கனேலோ 27 கூடுதல். கொலோவ்கினின் ஜேப் உயர்தரமானது, தலையைப் பின்னுக்குத் தள்ளும் ஜேப், மதிப்பெண் பெறத் தகுந்தது. ஆனாலும், 'சுத்தமான வலுவான குத்து' என்ற முதல் அளவுகோலைக் கையில் வைத்திருக்கும் ஜட்ஜ், ஒரு சுற்றில் பத்து ஜேப்பையும் ஆறு வலுவான எதிர்க்குத்தையும் கண்டால் எதற்குக் கூடுதல் எடை தருவார்? ஒருவர் ஒன்றுக்கு, இன்னொருவர் மற்றதற்கு. மூன்று சண்டை முடிந்தும் தீராத தகராறின் மையம் இந்தக் கேள்விதான்.

2018: நெருக்கமான தோல்வி, கொள்ளை அல்ல

மறுசண்டை முதலில் 2018 மே 5 என்று குறிக்கப்பட்டது. அந்தப் பிப்ரவரியில் கனேலோவின் மாதிரிகளில் 'கிளென்பியூட்டரால்' என்ற தடைசெய்யப்பட்ட மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிகோவில் சாப்பிட்ட மாட்டிறைச்சியிலிருந்து உடலில் சேர்ந்தது என்றார் அவர். நெவாடா ஆறு மாதத் தடை விதித்தது. சண்டை செப்டம்பர் 15க்குத் தள்ளிப்போனது.

இந்த முறை கனேலோ கயிற்றில் சாயவில்லை. மேடையின் நடுவைப் பிடித்துக்கொண்டு கொலோவ்கினைப் பின்னுக்கு நடத்தினார். முன்னேறி வந்தே பழகிய கொலோவ்கின் பின்வாங்கிக்கொண்டு ஜேப் போட வேண்டியதாயிற்று. உடலில் விழுந்த குத்துகளில் கனேலோ 46, கொலோவ்கின் 6. எங்கள் பார்வையில் கொலோவ்கினின் பெரிய குறை அந்த 6தான். எதிராளிகளின் விலாவை நொறுக்கிப் பேர் வாங்கியவர், பிழைப்புக்கே அது தேவைப்பட்ட இரவில் விலாவைத் தொடவில்லை. எதிர்க்குத்துக்கு அஞ்சிக் கையைத் தாழ்த்தவில்லை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

மொரெட்டியும் ஸ்டீவ் வைஸ்ஃபெல்டும் 115-113 என்று கனேலோவுக்கு. கிளென் ஃபெல்ட்மன் 114-114. பெரும்பான்மை முடிவு. இரண்டு தாள்களில் ஏதாவது ஒன்றில் ஒரே ஒரு சுற்று மாறியிருந்தாலும் சண்டை சமன், பட்டம் கொலோவ்கினிடம். அவ்வளவு மெல்லிய கோடு. அரங்கிலும் வெளியிலும் பலர் கொலோவ்கினுக்கே கொடுத்தார்கள், அதில் தவறில்லை. கனேலோவுக்குக் கொடுத்ததிலும் தவறில்லை.

மொரெட்டியின் பெயரைக் கவனியுங்கள். 2017இல் கொலோவ்கினுக்குக் கொடுத்தவர் அவர். 2018இல் கனேலோவுக்குக் கொடுத்தவரும் அவரே. "எல்லாரையும் வாங்கிவிட்டார்கள்" என்ற பேச்சு இந்த ஓர் உண்மையின் முன் நிற்காது.

மூன்றாவது சண்டை 2022 செப்டம்பர் 17. கொலோவ்கினுக்கு 40 வயது. எடை 160 பவுண்டிலிருந்து 168க்கு ஏறியிருந்தது. ஒருமனதாக, 116-112, 115-113, 115-113. தாள்கள் காட்டியதைவிடத் தெளிவான தோல்வி அது. அதைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை.

அதே எண், முப்பது வருடத்துக்கு முன்

160 பவுண்டு எடைப்பிரிவின் நெடுநாள் சாம்பியன்கள் பட்டத்தை விட்ட விதம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கிறது.

மார்வின் ஹாக்லர் 1980 முதல் சாம்பியன், 12 முறை பட்டத்தைக் காத்தவர். 1987 ஏப்ரல் 6 அன்று ஷுகர் ரே லெனர்டிடம் பிளவு முடிவில் இழந்தார். லூ ஃபிலிப்போ 115-113 ஹாக்லருக்கு. டேவ் மொரெட்டி, ஆம், அதே மொரெட்டி, 115-113 லெனர்டுக்கு. ஜோஜோ கெர்ராவின் தாள் 118-110 லெனர்டுக்கு. இங்கேயும் அதே எண்.

ஹாக்லரின் தோல்வி பாதி பேச்சுவார்த்தை மேசையிலேயே முடிந்துவிட்டது. கூடுதல் பணம் ஹாக்லருக்கு. அதற்கு ஈடாக லெனர்டு கேட்டு வாங்கியவை மூன்று: 15க்குப் பதில் 12 சுற்று, ஓடி ஆட 20 அடி மேடை, கனமான 10 அவுன்ஸ் கையுறை. பிறகு ஒவ்வொரு சுற்றின் கடைசி அரை நிமிடத்திலும் சரமாரியாகக் கை வீசினார். ஜட்ஜ் பேனாவை எடுக்கும்போது கண்ணில் நிற்பது கடைசியாகப் பார்த்ததுதான் என்று அவருக்குத் தெரியும்.

பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 1995 முதல் பத்து வருடம் சாம்பியன், 20 முறை பட்டத்தைக் காத்தவர். 2005 ஜூலை 16 அன்று ஜெர்மெய்ன் டெய்லரிடம் பிளவு முடிவு: 115-113, 115-113 டெய்லருக்கு, 116-112 ஹாப்கின்ஸுக்கு. கடைசிச் சுற்றை மற்ற இரண்டு ஜட்ஜுகளும் ஹாப்கின்ஸுக்குக் கொடுக்க, ஜட்ஜ் டுவேன் ஃபோர்ட் மட்டும் டெய்லருக்குக் கொடுத்தார். அது மாறியிருந்தால் சமன், பட்டம் கைமாறியிருக்காது. ஆனால் ஹாப்கின்ஸ் முதல் பாதிச் சுற்றுகளைக் கைகட்டிக்கொண்டு விட்டுக் கொடுத்தார் என்பதும் உண்மை. கடைசிச் சுற்று தீர்மானிக்கும் நிலைக்குத் தன்னைக் கொண்டுபோனவர் அவர்தான்.

மூவருக்கும் பொதுவானது வயதும் வேகமும். முப்பதைத் தாண்டிய சாம்பியன் தெளிவாக வெல்லும் சுற்றுகள் குறைந்து, இழுபறிச் சுற்றுகள் கூடுகின்றன. தீர்ப்பு பிசகுவதற்கான இடம் அங்கேதான் உருவாகிறது.

மறுபக்கக் கணக்கு

கொலோவ்கினுக்கு எதிராக விழுந்த சுற்றுகளை எண்ணுபவர்கள் அவருக்குச் சாதகமாக விழுந்தவற்றையும் எண்ண வேண்டும்.

1. 2017 மார்ச், டேனியல் ஜேக்கப்ஸ்: 115-112, 115-112, 114-113. நான்காம் சுற்றில் ஜேக்கப்ஸ் ஒருமுறை விழுந்ததால் வந்த ஒரு மதிப்பெண்ணைக் கழித்தால் மூன்றாவது தாள் 114-114.

2. 2019 அக்டோபர், செர்கெய் டெரெவியன்சென்கோ: அதே 115-112, 115-112, 114-113. முதல் சுற்றில் விழுந்தவர் எழுந்து கொலோவ்கினை வயிற்றில் அடித்து மடக்கினார். அன்று டெரெவியன்சென்கோ வென்றதாக எண்ணியவர்கள் கணிசம். இதைப் 'பறிப்பு' என்று கொலோவ்கின் ரசிகர்கள் சொல்வதில்லை.

3. 20 என்ற எண். ஹாப்கின்ஸுக்குச் சமமான இந்த எண்ணிக்கை டபிள்யூபிஏ (உலகக் குத்துச்சண்டைச் சங்கம்) அமைப்பின் இரண்டாம் நிலைப் பட்டத்திலிருந்து தொடங்குகிறது; அந்த அமைப்பு ஒரே எடையில் 'சூப்பர்', 'ரெகுலர்' என்று இரண்டு சாம்பியன் வைத்திருந்தது. பட்டத்தை 19ஆவது முறை காத்தது, அந்த 2017 சமன்தான். 20ஆவது, கனேலோ இல்லாமல் போன மே 5 அன்று இரண்டாம் சுற்றில் வீழ்த்திய வானெஸ் மார்டிரோசியன்.

4. எதிராளிகள். ஜேக்கப்ஸுக்கு முன் 23 நாக்-அவுட் தொடர்ச்சியாக. அதில் கெல் புரூக் போல இரண்டு எடை கீழிருந்து ஏறி வந்தவரும் உண்டு. ஆனால் இதை முழுவதும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. 2016இல் கனேலோ டபிள்யூபிசி என்ற இன்னொரு அமைப்பின் பட்டத்தையே துறந்தார்; கொலோவ்கினோடு மோதவில்லை. 33, 34 வயதில் கிடைத்திருக்க வேண்டிய சண்டை 35இல் கிடைத்தது.

ஆக, அவருடைய பெயருக்கு உண்மையான சேதம் ஜட்ஜுகளிடமிருந்து வந்தது குறைவு, காலத்திலிருந்து வந்தது அதிகம். உச்சத்தில் இருந்த ஐந்தாறு வருடம் பெரிய பெயர் எதுவும் அவர் முன் வந்து நிற்கவில்லை. வந்தபோது தெளிவாக வெல்லும் வேகம் போயிருந்தது.

நீங்களே தாள் போட்டுப் பாருங்கள்

2017 சண்டையின் முழுப் பதிவைப் பார்க்க வாய்ப்பிருந்தால், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

1. சத்தத்தை அணைத்துவிடுங்கள். வர்ணனையாளர் ஒருவரைப் புகழ ஆரம்பித்தால் உங்கள் கண்ணும் அவர் பக்கம் போகும்.

2. ஒரு தாளில் 12 வரிசை, மூன்று கட்டம்: ஒருவர், மற்றவர், சந்தேகம்.

3. மணி அடித்ததும் பத்து விநாடிக்குள் எழுதுங்கள். மெதுவோட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஜட்ஜுக்கு அது கிடையாது.

4. குத்து வீசுபவரின் கையைப் பார்க்காமல் வாங்குபவரின் தலையைப் பாருங்கள். கையுறையிலும் முழங்கையிலும் பட்டது எது, உள்ளே இறங்கியது எது என்பது அங்கேதான் தெரியும்.

5. தயக்கம் வந்த சுற்றுக்கு மூன்றாவது கட்டத்தில் ஒரு கேள்விக்குறி. ஆனாலும் 10-9 போட்டே ஆக வேண்டும்.

6. கடைசிவரை கூட்டிப் பார்க்காதீர்கள். யார் முன்னிலை என்று தெரிந்துவிட்டால் அடுத்த சுற்றை அந்தக் கணக்கை மனத்தில் வைத்தே போடுவீர்கள்.

7. முடிந்த பிறகு கேள்விக்குறிச் சுற்றுகளை எல்லாம் ஒருமுறை ஒருவருக்கும், மறுமுறை மற்றவருக்கும் கொடுத்துக் கூட்டுங்கள். கிடைக்கும் இரண்டு எண்களுக்கு நடுவில் இருப்பதே நியாயமான எல்லை. மூன்று ஜட்ஜுகளின் தாள்களை அதற்குள் வைத்துப் பாருங்கள்.

இப்போது அவர் மேசைக்கு வந்திருப்பது

கொலோவ்கின் அமெச்சூராக இருந்த காலத்து மதிப்பெண் முறையே வேறு. 1988 சோல் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்து இறக்கி, 32 வாங்கி, 2-3 என்ற ஜட்ஜ் வாக்கில் தென்கொரியாவின் பார்க் சி-ஹுனிடம் தோற்றார். அந்த அவமானத்துக்குப் பிறகு 1992 முதல் கணினி முறை: ஐந்து ஜட்ஜில் மூன்று பேராவது ஒரு விநாடிக்குள் விசையை அழுத்தினால்தான் குத்து கணக்கில் ஏறும். வேகமான ஒற்றைக் குத்துக்கு அது வசதி. நெருங்கி நின்று விலாவில் போடும் அடி அதில் பெரும்பாலும் பதிவாகாது. 2004 ஏதென்ஸ் இறுதியில் ரஷ்யாவின் கைதர்பெக் கைதர்பெகோவிடம் கொலோவ்கின் 18-28 என்று தோற்று வெள்ளி வாங்கியது அந்த விசைகளில்தான். பின்னர் அமெச்சூரும் பத்து மதிப்பெண் முறைக்கே மாறியது.

இன்று ஒலிம்பிக் மேடையில் ஐந்து ஜட்ஜுகள், மூன்றே சுற்றுகள். தொழில்முறையில் ஒரு சுற்று பிசகினால் தாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு போகும். அங்கே மூன்றில் ஒரு பங்கு. ட்ரெல்லாவின் ஏழாம் சுற்று போல ஒன்று விழுந்தால், மீதமிருக்கும் இரண்டு சுற்றையும் வென்றால்தான் அந்தத் தாள் மீளும். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்கு அந்த ஐந்து நாற்காலிகளில் யாரை உட்கார வைப்பது, அவர்களை எப்படிச் சோதிப்பது என்று முடிவு செய்யும் அமைப்புக்கு இப்போது அவர்தான் தலைவர்.